எங்கள் வீட்டில் குடியிருந்த பாதரசம்

என் கணவர் வேதியியலில் பட்டம் வாங்கியவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு நடந்ததைப் படித்துவிட்டு, பாவம், படிக்காத மனிதர் என்று யாரும் அவர்மேல் இரக்கப்பட்டுவிடக் கூடாது.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாக இருந்தேன். அவர் அங்கேயே ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்களுக்குக் கொடுத்திருந்த குடியிருப்பில் இரண்டு அறைகள். ஒன்றில் அவர் செய்தித்தாள் படிப்பார். மற்றதில் சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம். மார்கழிக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைக்கிற ஆள் அந்த மலையில் கிடையாது. எங்கள் மூன்று வயது மகளுக்கு அடுப்புக்குப் பக்கத்தில்தான் படுக்கை. வெதுவெதுப்பாக இருக்கும் என்று நான்தான் அங்கே போட்டேன்.

மலைக்காரர்கள் சாமை விதைத்தார்கள், புளி உலுக்கினார்கள், தேன் எடுத்தார்கள். யாருக்கும் சாகாமல் இருக்க வேண்டும் என்ற யோசனை வந்ததாகத் தெரியவில்லை. அதற்கு, கீழே சமவெளியிலிருந்து படித்தவர்கள் வர வேண்டியிருந்தது.

செங்கத்திலிருந்து ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை மூலிகை பறிக்க மலையேறுவார். காவி வேட்டி கட்டியிருப்பார். கல்யாணம் ஆனவர், செங்கத்தில் சொந்த வீடு உண்டு, ஆனாலும் எல்லாருக்கும் அவர் சாமிதான். என் கணவருடைய அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து விபூதி கொடுப்பார். கொடுக்கும்போது கை வெடவெடவென்று நடுங்கும். பாதி விபூதி தரையில் கொட்டிவிடும். வாயில் ஒரு பல் கிடையாது, வயது என்னவோ ஐம்பதுதான் இருக்கும்.

"அருள் எறங்குது பாத்தியா? கை நிக்க மாட்டேங்குது," என்றார் என் கணவர்.

"பல்லு எங்கங்க போச்சு?"

"யோகத்துல விட்டுட்டாராம்."

யோகம் பல்லில்தான் தொடங்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த மாதம் சாமி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் கணவருக்கு இரசமணி கட்டும் பாக்கியம் இருப்பதாக அவருக்குத் தெரிந்துவிட்டதாம்.

இரசமணி என்பது பாதரசத்தை மூலிகைச் சாறு விட்டுக் காய்ச்சி, இறுக்கி, உருண்டையாக்கிக் கழுத்தில் கட்டிக்கொள்வது. கட்டிக்கொண்டால் நோய் அண்டாது, எதிரி நெருங்க மாட்டான், நினைத்தது நடக்கும். இரவு பாலில் போட்டுவைத்துக் குடித்தால் உடம்பு கல்லாகிவிடும். அந்தக் காலத்துச் சித்தர்கள் இதை வைத்து ஆகாயத்தில் பறந்தார்களாம். என் கணவருக்கு அவ்வளவு பெரிய ஆசையெல்லாம் இல்லை. மலையிலிருந்து கீழே ஒரு இடமாற்றம் கிடைத்தால் போதும்.

ஒடுகத்தூர் நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் பாதரசம் வாங்கிவந்தார். உள்ளங்கையில் வைத்தால் கருங்கல் கனம். ஒரு தட்டில் ஊற்றிக் காட்டினார். வெள்ளி முத்துகள் ஓடின, ஒன்றோடொன்று முட்டின, சேர்ந்தன. மகள் விரலால் துரத்தித் துரத்திச் சிரித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து துரத்தினேன். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது. அவரை மட்டும் கேலி செய்து நான் தப்பித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

காய்ச்சுவதற்குச் சாமி சட்டதிட்டங்கள் வகுத்தார். காற்று படக் கூடாது, வெளியாள் நிழல் விழக் கூடாது, கதவு ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். வெளியாளில் மனைவி சேர்த்தி இல்லை, ஏனென்றால் சாமிக்கும் என் கணவருக்கும் சோறு வேண்டும். ஆக, ஒரே அறையில், அடைத்த ஜன்னலுக்குப் பின்னால், ஒரு அடுப்பில் சட்டிக்குள் பாதரசம், மற்றதில் உலைநீர். பக்கத்தில் குழந்தை. சாமி இரண்டு நாள் இருந்து காட்டிக்கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். என் கணவர் அலுவலகம் விட்டு வந்ததும் சட்டை கழற்றிவிட்டு அடுப்பின் முன் உட்கார்ந்துவிடுவார். இப்படி மாசி முடியும்வரை நடந்தது.

சட்டியில் இருந்த பாதரசம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

"எங்க போவுது இது?" என்று கேட்டேன்.

"சாறு உள்ள இழுத்துக்குது. பக்குவம் ஏறுது," என்றார் வேதியியல் பட்டதாரி.

ஒரு பொருளைச் சூடு பண்ணினால் ஆவியாகும் என்று நான் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதே மாதத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கெட்டிலிலிருந்து ஆவி போகும் படம்கூடக் கரும்பலகையில் போட்டேன். வீட்டுக்கு வந்து அந்தச் சட்டியைப் பார்க்கும்போது அந்தப் படம் நினைவுக்கு வரவில்லை.

நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மலைக்காரப் பெண் வருவாள். பக்கத்திலேயே வீடு. எழுதப் படிக்கத் தெரியாது. காய்ச்சத் தொடங்கிய நாலாவது நாள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"இன்னா, உள்ள வரலையா?"

"இல்லீங்க டீச்சரம்மா. உங்க அடுப்பாண்ட நின்னா வாயெல்லாம் கசக்குது. செம்பக் கடிச்ச மாதிரி கீது. தல வலிக்குது."

"மூலிக வாசனைடி அது."

"மூலிக எனக்குத் தெரியாதா? இது அது இல்ல. நான் கொழந்தய எங்க வூட்டுக்குத் தூக்கினு போறேன். சாய்ங்காலம் வந்து வுடறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அரசு ஆசிரியையின் வீட்டைவிட அவள் குடிசை குழந்தைக்கு உயர்ந்ததாகப் போய்விட்டதே என்று. ஆனாலும் நேரமாகிவிட்டதால் அனுப்பினேன்.

கடைசியில் சாமி மறுபடி வந்து, துருசு என்கிற நீலக் கல்லைப் போட்டுத் தேய்த்துப் பாதரசத்தை இறுக்கிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் இரண்டு உருண்டைகள். ஒன்று என் கணவர் கழுத்தில் ஏறியது. மற்றது மகள் குடிக்கும் பாலில் இறங்கியது. இத்தோடு முடிந்தது என்று நான் அடுப்பைக் கழுவி மெழுகினேன். ஆனால் கைவந்த வித்தையை என் கணவர் சும்மா விடுவாரா? அதே வேகத்தில் அலுவலகத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் மணி கட்டித்தர ஒப்புக்கொண்டு, ஒடுகத்தூரிலிருந்து பெரிய புட்டியாக வாங்கிவந்தார்.

அந்தப் புட்டியை ஊற்றிக் காய்ச்சிய அன்றே சட்டி விரிசல்விட்டு உடைந்தது. அடுப்படியிலிருந்து பாதரசம் தரையெல்லாம் ஓடியது. தரை வெடிப்பு விட்ட சிமெண்ட் தரை. ஒவ்வொரு வெடிப்பிலும் புகுந்துகொண்டது. நான் துடைப்பத்தால் கூட்டினேன். கூட்டக் கூட்ட ஒன்று பத்தாகி ஓடியது. குனிந்து, கையால் கூட்டி, முறத்தில் அள்ளிக் கிண்ணத்தில் சேர்த்தேன்.

மறுநாள் காலை தலை வாரும்போது கண்ணாடியில் பார்த்தேன். என் தாலி வெளுத்திருந்தது. தங்கத்தின் நிறம் போய், ஒரு பக்கம் முழுக்க ஈயம் பூசியதுபோல் இருந்தது. கையில் மோதிரமும் அப்படித்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை பார்த்துவிட்டு முகம் மாறினார். கணவர் ஆயுளுக்கு விளக்குப் போடச் சொன்னார். வீட்டில் என் கணவருக்கும் கொஞ்சம் பயம்தான். அந்த வாரம் மலையேறி வந்த சாமியிடம் காட்டினார்.

"நல்ல சகுனம். தங்கம் வெள்ளியாவும், வெள்ளி மறுபடி தங்கமாவும். பாதி கெணறு தாண்டியாச்சு," என்றார் சாமி.

உலகத்தில் எல்லாரும் ஈயத்தைத் தங்கமாக்கப் பாடுபட்டபோது, என் வீட்டுச் சித்தர் இருந்த தங்கத்தையும் ஈயமாக்கிக் கொடுத்தார். நான் தாலியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அதற்குள் அவருக்கு ஒவ்வொன்றாகத் தொடங்கியிருந்தது. பல் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார், உப்புப் போட்டால் கரிக்கிறது என்று தள்ளுவார். ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் நின்று பேசுகிறவர், யாராவது கூப்பிட்டால் கூச்சப்பட்டு அறைக்குள் போய்விடுவார். பிறகு கை நடுங்கத் தொடங்கியது. வருகைப் பதிவேட்டில் அவர் போட்ட கையெழுத்தைப் பார்த்த மேலதிகாரி, வேறு யாரையோ கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு ஊர் சுற்றுகிறார் என்று விளக்கம் கேட்டார். அதே அலுவலகத்தின் காவலாளியோ, நடுங்கும் கையைப் பார்த்துவிட்டு, இவருக்கும் அருள் இறங்கிவிட்டது என்று விபூதி கேட்டு நின்றான். ஒரே நடுக்கத்துக்கு ஒரே கட்டடத்தில் ஒரு குறிப்பாணையும் ஒரு கும்பிடும்.

அவர் விபூதி கொடுத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மகள் விஷயத்தில் எனக்குக் கிண்டல் வராது. அவள் விளையாடுவதையும் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். அந்தக் குளிரிலும் வியர்த்துக் கொட்டியது. வெளிச்சம் பட்டால் முகத்தை என் மடியில் புதைத்துக்கொண்டு அழுவாள். உள்ளங்கையும் பாதமும் ரோஜா நிறமாகச் சிவந்து, விரல் நுனியில் தோல் உரிந்து வந்தது. மருந்தகத்தில் இருந்த கம்பவுண்டர் வயிற்றுப் பூச்சி என்று மருந்து கொடுத்தார். சாமி பாலில் மணியை இன்னும் கொஞ்ச நேரம் ஊறவைக்கச் சொன்னார்.

மலைக்காரப் பெண்தான் ஒரு நாள் மாலை குழந்தையைக் கொண்டுவந்து விடும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"டீச்சரம்மா, கோச்சிக்காதீங்க. கொழந்த எங்க வூட்ல கீறப்போ ரெண்டு வாய் களி துன்னுது. எங்க ஆட்டுக்குட்டியாண்ட போவுது. உங்க வாசப்படி மிதிச்சா அழுவுது. கையப் பாருங்க, வெந்த மாதிரி கீது. வூட்ல இன்னாவோ கீதும்மா."

இப்போது எனக்குக் கோபம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை தாலியைச் சரிசெய்கிறேன் என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போளூருக்கு பஸ் ஏறினேன். கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஆசாரி ஒருவர் இருந்தார். தாலியைக் கழற்றி அவர் முன்னால் இருந்த பலகையில் வைத்தேன். அவர் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

"ரசம் பட்டுகீதும்மா. வூட்ல யாரு ரசம் வச்சிக்கினு கீறாங்க?"

சொன்னேன்.

அவர் இடுக்கியால் தாலியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். என்னையும் குழந்தையையும் வாசலிலேயே இருக்கச் சொன்னார். காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, நெருப்பில் காட்டி, தள்ளி நின்றே ஊதினார். திரும்பி வந்தபோது தாலி மங்கலான மஞ்சளாக இருந்தது.

"போன ரசம் எங்க போச்சு?" என்றேன்.

"காத்துல போச்சு. அதான் கொல்லைக்குப் போனேன். எங்க அப்பா இந்தக் கடைக்குள்ளயே ஒக்காந்து இந்த வேல செஞ்சாரு. நாப்பது வயசுல பல்லு எல்லாம் கொட்டிப்போச்சு. கை ஆடி, சோத்த அள்ளி வாயில வைக்க முடியாது, எங்கம்மா ஊட்டுவாங்க. நாங்க பாத்துட்டோம்மா."

பிறகு குழந்தையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"வூட்டுக்குப் போவாத. இப்டியே வேலூரு போ. போனதும் மொதல்ல பாதரசம்னு சொல்லு. நீ சொல்லலைன்னா சொறின்னு களிம்பு குடுத்து அனுப்பிடுவாங்க."

எங்கள் வீட்டில் இருந்த பட்டத்துக்குப் புரியாதது, ஐந்தாம் வகுப்போடு பட்டறையில் உட்கார்ந்தவருக்குப் புரிந்திருந்தது. மாற்றுத்துணிகூட இல்லாமல் நான் வேலூர் பஸ் ஏறினேன். மலைக்குப் போகும் பஸ் நடத்துநரிடம் கணவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். குழந்தைக்கு முடியவில்லை, வேலூர் வரவும், என்று மட்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா. நான் பாதரசம் என்று சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வீட்டுக்குள்ளயா காய்ச்சினாரு?"

"ஆமாங்க."

"ஜன்னல் தொறந்திருக்குமா?"

"சாத்தி இருக்கும்."

"குழந்தை எங்கே தூங்கும்?"

"அடுப்புக்குப் பக்கத்துல. குளிருங்க அங்க."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பாலில் போட்ட மணியும் நல்லதில்லை, ஆனால் பெரிய கெடுதல் மூச்சில் போனதுதான் என்றார். கண்ணுக்குத் தெரியாது, மணமும் இருக்காது, தரை வெடிப்பில் தங்கியிருப்பதுகூட அடுப்பு மூட்டும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும் என்றார். துடைப்பத்தால் கூட்டினேன் என்றதும் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

என் கணவர் மறுநாள் வந்தார். கழுத்தில் மணியோடுதான். வந்ததும் சித்த மருத்துவத்தின் பெருமை பற்றி டாக்டரம்மாவுக்கு விளக்கத் தொடங்கினார். பாதி வாக்கியத்தில் கூச்சம் வந்து தரையைப் பார்த்தார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"சித்த வைத்தியத்த நான் ஒண்ணும் சொல்லல சார். நீங்க உங்க பேர மட்டும் இதுல எழுதுங்க."

அவர் எழுதினார். முதல் எழுத்து கோட்டைத் தாண்டி மேலே ஏறியது, அடுத்தது கீழே இறங்கியது. மூன்றாவது எழுத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது. அவர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலுக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த மகளின் கையை எடுத்து, தோல் உரிந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நானாடி?" என்றார்.

என் வாயில் அன்றைக்கு ஒரு குத்தலும் இல்லை. அவர் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். விரல் நடுங்கி முடிச்சுப் பிடிபடவில்லை. நான் அவிழ்த்தேன். டாக்டரம்மா அதை ஒரு புட்டியில் தண்ணீருக்குள் போட்டு மூடி எடுத்துப் போனார்.

மூவருக்கும் பரிசோதனை செய்தார்கள். அவருக்கும் மகளுக்கும் ஊசி போட்டார்கள், எனக்கு மாத்திரையோடு விட்டுவிட்டார்கள். மகள் தேற மாதக்கணக்கில் ஆனது. ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே இருந்த காக்கையைப் பார்த்து, தானாகவே பேசினாள். அன்றைக்குத்தான் நான் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

மலைவீட்டுத் தரையை உடைத்து அப்புறப்படுத்த வேண்டும் என்று மேலிடத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். கறையான் தொல்லைக்குத் தரை உடைக்க விதி உண்டு, பாதரசத்துக்கு இல்லை, எனவே கறையான் என்று எழுதித் தரவும் என்று பதில் வந்தது. எழுதித் தந்தேன். அரசாங்க ஏட்டில் இன்றும் எங்களைக் கெடுத்தது கறையான்தான்.

நோய்ச் சான்றிதழைக் காட்டி என் கணவருக்குப் போளூருக்கு இடமாற்றம் கிடைத்தது, கூடவே எனக்கும். இரசமணி கேட்டதைக் கொடுத்துவிட்டது. யாரும் அதைக் குறை சொல்ல முடியாது.

அவர் கை ஓரளவு நின்ற பிறகு, தானாகவே ஒன்று சொன்னார். "செங்கம் போய் சாமிகிட்ட சொல்லணும். அவருக்கும் இதான் ஆயிருக்கு." அவரைப் பற்றி எனக்கு எப்போதாவது பெருமையாக இருந்தது என்றால் அப்போதுதான். நானும் கூடப் போனேன்.

சாமியின் வீடு தாழ்ந்த ஓட்டுவீடு. உள்ளே ஜன்னலே இல்லை. நடு அறையில் அடுப்பு, அடுப்பைச் சுற்றி மண் பூசிய சட்டிகள். என் கணவர் எல்லாவற்றையும் சொன்னார். சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பக்குவம் தப்பிடுச்சுப்பா. மனசுல சந்தேகம் வச்சிக்கினு செஞ்சா ரசம் கோச்சிக்கும்."

"கை நடுங்குதே சாமி உங்களுக்கு?"

"நடுங்கறது நானில்ல. உள்ள கீறவன்."

உள்ளிருந்து சாமியின் மனைவி எங்களுக்கு மோர் கொண்டுவந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். லோட்டா அவள் கையில் ஆடி ஆடி, என்னிடம் வந்து சேரும்போது பாதி மோர்தான் இருந்தது. சாமிக்கு ஆடியதைவிட அதிகம். அவளுக்கு யாரும் அருள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். கை நிதானம் இல்லாதவள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நான் லோட்டாவைக் கழுவக் கொல்லைக்குப் போனபோது அவள் பின்னாலேயே வந்தாள்.

"அந்த டாக்டரு பொம்பளையா?"

"ஆமாங்க்கா."

"எந்த பஸ்ஸு தங்கச்சி?"

சொன்னேன்.

"அவுராண்ட சொல்லாத."

ஒரு வாரம் கழித்து, அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு துணிப்பையோடு போளூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் விடுப்புப் போட்டு வேலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா எவ்வளவு காலமாக என்று கேட்டார். "கல்யாணம் ஆனதுல இருந்து," என்றாள். மூன்று குழந்தைகள் வயிற்றில் தங்கவில்லை என்பதையும் அங்கேதான் முதல்முறையாகச் சொன்னாள். அதற்கும் இதுதான் காரணமா என்று கேட்டாள். டாக்டரம்மா இருக்கலாம் என்றார், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள் என்றும் சொன்னார்.

"வேற எங்க போறது?" என்றாள் அவள்.

ஊசி முடிந்து செங்கத்துக்கே போனாள். அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்க்கப் போனேன். அடுப்பும் சட்டிகளும் வீட்டில் இல்லை. கொல்லையில், வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, நாலு கம்பு நட்டுக் கூரை போட்டு, அதன் கீழே சாமி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவரில் புதிதாக ஒரு ஜன்னல் வைத்திருந்தது.

"எப்பிடிக்கா சம்மதிச்சாரு? பாதரசம்னு சொன்னீங்களா?"

"அதெல்லாம் சொன்னா கேப்பாரா? கனவுல சித்தரு வந்தாரு, ஆகாசம் பாத்து காய்ச்சச் சொன்னாருன்னு சொன்னேன்," என்றாள். "அன்னிக்கே அடுப்பத் தூக்கினு போய்ட்டாரு."

"ஜன்னலு?"

"அதுக்கு இன்னொரு கனவு," என்று சொல்லிவிட்டு, எனக்கு மோர் ஊற்ற உள்ளே போனாள்.